பத்து வோல்ட் காட்டிய மீட்டர்: பழைய ஃபிளாஷால் பழுதான ஒரு கேமரா

என்ன நடந்தது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கும் ஓர் இளைஞருக்கு இன்னொரு ஃபிளாஷ் தேவைப்பட்டது. புதிது வாங்கும் செலவை யோசித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போனார். கிடைத்தது 1970களின் ஜப்பான் தயாரிப்பு. நான்கு ஏஏ பேட்டரி, மேல்நோக்கித் திரும்பும் தலை, முகப்பில் பட்டாணி அளவு ஒளி சென்சார், அடியில், கேமராவில் செருகுவதற்கு, ஒற்றைத் தொடுபுள்ளியுள்ள பிளாஸ்டிக் கால். பெயர்த்தகடு தேய்ந்து போயிருந்தது.

பழைய ஃபிளாஷ் கேமராவைக் கெடுத்துவிடும் என்று அவருக்கும் தெரியும். கேட்டார். கடைக்காரர் தம் பெட்டிக்குள்ளிருந்து கையடக்கமான ஓர் ஊசி மீட்டரை எடுத்து, ஃபிளாஷின் காலில் வைத்துக் காட்டினார். "நீயே பாரு தம்பி, பத்து வோல்ட்டுதான் காட்டுது. தைரியமா கொண்டுபோ." அவர் பொய் சொல்லவில்லை. மீட்டரின் ஊசி உண்மையிலேயே 10-ல்தான் நின்றது.

அடுத்து வந்த கல்யாணத்தில், தம் புதிய ஃபிளாஷைக் குடையோடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒளியைக் கண்டு எரியும் ஸ்லேவ் முறையில் வைத்தார். பழையது கேமராவின் தலையில். கேமரா, மேலே எழும் சிறு ஃபிளாஷும் உள்ள ஒரு டிஎஸ்எல்ஆர். தாலி கட்டி, மாலை மாற்றி, பெரியவர்கள் ஆசீர்வாதம் முடியும்வரை ஒரு குறையும் இல்லை. விருந்தின்போது ரீசார்ஜ் பேட்டரிகள் தளர்ந்துவிட்டதால், புதிய ஆல்கலைன் நான்கைப் போட்டு, ரெடி விளக்கு எரிந்தபின் ஃபிளாஷைக் கேமராவின் தலையில் அதற்கென்று உள்ள ஹாட் ஷூ என்ற பள்ளத்துக்குள் தள்ளினார். தள்ளிய கையோடு, ஷட்டரைத் தொடாமலேயே, அது ஒருமுறை பளிச்சென்று எரிந்தது. அதன் பிறகு எத்தனை முறை அழுத்தியும் எரியவில்லை. மிச்சப் படங்களைக் கேமராவின் சிறு ஃபிளாஷை எழுப்பி எடுத்தார். ஸ்டாண்டில் இருந்தது அதைப் பார்த்துத் தானும் எரிந்துகொண்டிருந்தது.

எது பழுது?

இப்படி நடந்தால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது ஃபிளாஷைத்தான். காலைத் துடைப்பது, பேட்டரியை மாற்றுவது, மறுபடி தள்ளிப் பார்ப்பது என்று அதே கேமராவில் இன்னும் சிலமுறை மாட்டிவிடுவார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. தானாக எரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

இங்கே கேமராவையும் ஃபிளாஷையும் பிரித்துப் பார்த்தவர், பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் உறவினர். 1972 முதல் தடையற்ற வணிக வட்டாரமாக, எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளோடு இருக்கும் அந்த ஊரில், நல்ல மல்டிமீட்டரும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தூரமில்லை.

ஃபிளாஷின் முதுகில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் எரிந்தது. ரேடியோ ரிசீவரில் மாட்டினாலும் எரிந்தது. ஆக அது நலம். அடுத்து, கேமராவைத் தயாரித்த கம்பெனியின் புதிய ஃபிளாஷ் ஒன்றைக் கேமராவில் மாட்டினார்கள். திரையில் அதன் ஜூம் அளவு வந்தது, மெனுவும் திறந்தது, ஆனால் ஷட்டர் அழுத்தினால் எரியவில்லை. தகவல் பேசும் சிறு பின்கள் உயிரோடு இருக்கின்றன, நடுத்தொடுபுள்ளி மட்டும் வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருள். கேமராவின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஹாட் ஷூவின் நடுப்புள்ளிக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையே ஓம் அளந்தபோது, முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் பதினைந்து ஓமுக்குள்தான். நல்ல நிலையில் உள்ள அதே மாடல் கேமரா ஒரு திசையிலாவது முழுத் திறப்பை, அதாவது மின்சாரம் போகவே போகாத நிலையைக் காட்டியது. உள்ளே, ஷட்டரோடு சேர்ந்து ஃபிளாஷை எரியவைக்கும் சிங்க் ஸ்விட்ச் உருகி ஷார்ட் ஆகிவிட்டது.

தானாக எரிந்ததும் பிறகு ஊமையானதும் இதனால்தான். ஷார்ட்டான ஸ்விட்சில் சார்ஜ் ஏறிய ஃபிளாஷை மாட்டினால், தொட்ட கணத்திலேயே அது எரிந்துவிடும். அப்புறம் தொடுபுள்ளிகள் எப்போதும் இணைந்தே இருப்பதால், தூண்டும் மின்சாரம் மறுபடி சேரவே இடமில்லை. ஸ்விட்ச் ஷார்ட் ஆகாமல் திறந்தபடி செத்திருந்தால், மாட்டும்போது எரியாது, அழுத்தினாலும் எரியாது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பழுதுபார்ப்பவரிடம் போகுமுன்பே பாதி விஷயம் கையில் இருக்கும்.

ஃபிளாஷின் காலில் எவ்வளவு வோல்ட், ஏன்

எல்லா எலெக்ட்ரானிக் ஃபிளாஷிலும் இரண்டு கெப்பாசிட்டர்கள் உண்டு. பெரியது, சுமார் 330 வோல்ட்டுக்கு ஏறி, செனான் குழாயில் பாயும் ஆற்றலைச் சுமப்பது. சிறியது, 0.02 முதல் 0.1 மைக்ரோஃபாரட் வரையிலான ட்ரிகர் கெப்பாசிட்டர். இது பெரியதிலிருந்து ஒன்றிரண்டு மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரம்பும். கேமரா நடுப்புள்ளியையும் தண்டவாளத்தையும் இணைத்தவுடன், சிறிய கெப்பாசிட்டர் ஒரு குட்டிச் சுருளின் வழியே காலியாகிறது. சுருளின் மறுபக்கத்தில் சில ஆயிரம் வோல்ட் எழுந்து குழாயைச் சுற்றிய கம்பிக்குப் போகிறது, செனான் அயனியாகிறது, பெரியது பாய்கிறது.

பழைய வடிவமைப்பில் கேமராவே அந்தச் சிறிய கெப்பாசிட்டரின் ஸ்விட்ச். அதனால் அதன் முழு வோல்ட்டேஜும் ஹாட் ஷூவில் உட்கார்ந்திருக்கும். பழைய ஃபிலிம் கேமராவுக்கு அது பொருட்டே இல்லை. அங்கே இருந்தவை இரண்டு உலோகத் தகடுகள், 200 வோல்ட்டில் சின்னப் பொறி பறந்தாலும் வருடக்கணக்கில் தாங்கும். டிஜிட்டல் கேமராவில் அந்த இடத்தில் தைரிஸ்டரோ டிரான்சிஸ்டரோ, அதாவது ஒரு குறைக்கடத்தி ஸ்விட்ச், இருக்கிறது. அதன் தாங்கும் வரம்பைத் தாண்டினால் உடைந்துபோகும். பிற்கால ஃபிளாஷ்களில் தைரிஸ்டரை ஃபிளாஷுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கேமராவின் வேலை சில வோல்ட் மட்டுமே உள்ள தொடர்பை இணைப்பதுதான்.

முதல் தடவையே கேமரா செத்திருந்தால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். ஆனால் வரம்பைச் சற்றே தாண்டும் வோல்ட்டேஜ் ஒரே அடியில் கொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, ஒரு நாள் ஷார்ட் ஆகும். "எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது" என்ற வாக்குமூலத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை.

ஆல்கலைன் போட்டதும் செத்ததற்கும் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிப் பழைய ஃபிளாஷ்களில் பெரிய கெப்பாசிட்டரின் உச்சத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லை. ரீசார்ஜ் பேட்டரி நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ட், புதிய ஆல்கலைன் நான்கு 6 வோல்ட். உள்ளே போவது கூடினால் ஹாட் ஷூவுக்கு வருவதும் கூடும்.

ஊசி ஏன் 10-ல் நின்றது

இந்த நிகழ்வில் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாயான் லெப்பாஸ்காரரின் டிஜிட்டல் மல்டிமீட்டர், அதே ஃபிளாஷில், புதிய ஆல்கலைனோடு 193 வோல்ட் காட்டியது. ரீசார்ஜ் பேட்டரியோடு 171.

கடைக்காரரின் மீட்டர், ஒரு வோல்ட்டுக்கு 2 கிலோ ஓம் என்று முகப்பில் அச்சடித்திருக்கும் மலிவான வகை. 50 வோல்ட் ரேஞ்சில் வைத்தால், அந்த மீட்டரே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஃபிளாஷின் காலுக்குப் பின்னாலோ 2 மெகா ஓமுக்கு மேல் இருக்கிறது. மீட்டரை வைத்ததுமே ட்ரிகர் கெப்பாசிட்டர் அதன் வழியாக வடிந்துவிட, உள்ளிருந்து அந்த ரெசிஸ்டர் வழியே சொட்டுச் சொட்டாக வருவதைத்தான் ஊசி காட்டுகிறது. துளி நீர் வரும் குழாயின் அடியில் ஓட்டை வாளியை வைத்துத் தொட்டியின் ஆழத்தை அளப்பதுபோலத்தான்.

உண்மையான அளவைக் கண்டுபிடிக்க அவர் செய்த வேலை எளிமையானது, யாரும் செய்யலாம். அவருடைய டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அதோடு மட்டும் 193. மீட்டருக்கு இணையாக இன்னொரு 10 மெகா ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தபோது, அதாவது மொத்தம் 5 மெகா ஓம் சுமையில், 163. இந்த இரண்டு எண்ணிலிருந்து கணக்குப் போட்டால், ஃபிளாஷின் உள்தடை ஏறக்குறைய 2.26 மெகா ஓம், சுமையே இல்லாதபோது காலில் நிற்கும் வோல்ட்டேஜ் 236. நல்ல டிஜிட்டல் மீட்டர்கூட 40 வோல்ட்டுக்கு மேல் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது.

இப்போது கடைக்காரரின் மீட்டருக்கு வருவோம். 236 வோல்ட், 2.26 மெகா ஓம் தொடர் தடை, 0.1 மெகா ஓம் மீட்டர்: பங்கு போட்டால் 10 வோல்ட். அதே மீட்டரை 250 வோல்ட் ரேஞ்சுக்குத் திருப்பியிருந்தால் 43 காட்டியிருக்கும். 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 2. ரேஞ்சை மாற்ற மாற்ற எண் மாறுகிறதென்றால் எந்த எண்ணையும் நம்பக்கூடாது. இன்னோர் அடையாளமும் உண்டு. முனையை வைத்த கணத்தில் ஊசி லேசாகத் துள்ளிவிட்டுத்தான் கீழே வந்து நிற்கும். அந்தத் துள்ளல், கெப்பாசிட்டர் காலியாகும் அசைவு.

சரியாக அளக்கும் முறை

டிஜிட்டல் மல்டிமீட்டர், உள்தடை 10 மெகா ஓம். மிக மலிவான டிஜிட்டல் மீட்டர்களில் சில 1 மெகா ஓம்தான், எனவே கையேட்டைப் பார்த்துவிடுங்கள். டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்ச். ஃபிளாஷுக்குப் புதிய ஆல்கலைன், ஏனென்றால் தெரிய வேண்டியது மிக மோசமான நிலை.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து ஆன் செய்யுங்கள். ரெடி விளக்கு எரிந்ததும் அளக்க அவசரப்பட வேண்டாம். அந்த நியான் விளக்கு கெப்பாசிட்டர் முழுதாக நிரம்புமுன்பே எரியத் தொடங்கிவிடும். இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். சிவப்பு முனை காலின் நடுப்புள்ளியில், கறுப்பு முனை காலின் பக்கவாட்டு உலோகத்தில். பிளாஸ்டிக் கால் என்றால் பக்கத்தில் மெல்லிய வில் தகடு ஒன்று ஒளிந்திருக்கும், அதில் வையுங்கள். முனை வழுக்கி இரண்டையும் தொட்டால் ஃபிளாஷ் எரியும், பயந்து கையை உதறாதீர்கள். கேபிள் வழியாகப் பயன்படுத்தும் ஃபிளாஷ் என்றால் கேபிள் முனையில் அளக்க வேண்டும்: நடு ஊசி நேர், வெளிவளையம் எதிர்.

எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால், அந்த ஃபிளாஷின் முனைகள் தலைகீழாக இருக்கின்றன. அதை எத்தனை குறைந்த வோல்ட் காட்டினாலும் கேமராவில் நேரடியாக மாட்டக்கூடாது.

கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? நிக்கோன் தன் கையேடுகளில், ஹாட் ஷூவில் 250 வோல்ட்டுக்கு மேலோ எதிர் வோல்ட்டேஜோ கொடுத்தால் சிங்க் சுற்று சேதமாகலாம் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. கேனனின் தொடக்ககால டிஜிட்டல் உடல்களுக்கு, 10டி, 300டி போன்றவற்றுக்கு, வரம்பு வெறும் 6 வோல்ட். பின்னால் வந்த பல உடல்களுக்கு 250. மற்ற கம்பெனிகளில் அவரவர் கையேடு. கையேட்டில் எண்ணே இல்லாமல், "எங்கள் ஃபிளாஷை மட்டும் பயன்படுத்துங்கள்" என்று இருந்தால் 6 வோல்ட் என்றே வைத்துக்கொள்வது உத்தமம். இந்த நிகழ்வின் 236-ஐ 250 வரம்புள்ள கேமராவில் மாட்டலாமா என்று கேட்டால், கணக்குப்படி மாட்டலாம். ஆனால் மீட்டர் 193 காட்டும்போது உண்மை 236 ஆக இருக்கும் உலகத்தில், மீதமிருக்கும் 14 வோல்ட் இடைவெளியை நம்பிக் கேமராவைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

இணையத்தில் மாடல்வாரிப் பட்டியல்கள் நிறைய உலவுகின்றன. தேடத் தொடங்க அவை உதவும், முடிவெடுக்க உதவாது. விவிட்டார் 283 இதற்குப் பெயர்போன உதாரணம். ஒரே பெயரில், ஒரே உருவத்தில், பழையவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிற்காலத்தில் வந்தவற்றில் 10 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 285எச்வி-யின் பெயரில் உள்ள "எச்வி", வெளியே மாட்டும் உயர் வோல்ட்டேஜ் பேட்டரி பொதியைக் குறிப்பது. காலில் நிற்கும் வோல்ட்டேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையில் இருக்கும் அந்த ஒரு ஃபிளாஷை அளப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

கேமராவைத் தொடாமல் எரியவைப்பது

பழைய ஃபிளாஷின் மின்சாரம் கேமராவுக்கே போகாதபடி பார்த்துக்கொண்டால், 236 என்றாலும் 300 என்றாலும் கேமராவுக்குக் கவலையில்லை.

ரேடியோ ட்ரிகர் முதல் வழி. டிரான்ஸ்மிட்டர் கேமராவில், ரிசீவர் ஃபிளாஷின் அடியில், நடுவே காற்று. ஆனால் ரிசீவருக்குள் இருப்பதும் ஒரு குறைக்கடத்தி ஸ்விட்ச்தான், அதற்கும் வரம்பு உண்டு. சில ரிசீவர்கள் 300 வோல்ட் தாங்கும், மலிவானவை சில 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அட்டைப்பெட்டியில் வந்த தாளில் அது எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் கேமராவுக்குப் பதிலாக ரிசீவர் சாகும், நஷ்டம் குறைவு என்பது மட்டுமே ஆறுதல். இதில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரின் தலையிலும் ஒரு ஹாட் ஷூ இருந்தால், அதில் பழைய ஃபிளாஷை மாட்டிவிடுவார்கள். அந்த ஷூவின் தொடுபுள்ளிகள் பெரும்பாலும் கீழே கேமராவுக்கு நேராக இணைக்கப்பட்டவை. பாதுகாப்பு என்று நினைத்து மாட்டியது, கேமராவிலேயே மாட்டியதற்குச் சமம். கேபிளை ஹாட் ஷூவாக மாற்றும் எளிய அடாப்டர்களும் அப்படித்தான், வெறும் கம்பி இணைப்பு.

வீன் சேஃப் சிங்க் போன்ற இடைக்கருவி இரண்டாவது வழி. 400 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு கேமராவுக்கு 6 வோல்ட்டுக்குக் குறைவாகக் கொடுக்கும். ஃபிளாஷ் கேமராவின் தலையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரி. சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோ கப்ளர் வாங்கி வீட்டில் செய்துகொள்பவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தவறவிடும் விஷயம்: கேமராவின் ஸ்விட்ச் தைரிஸ்டராக இருந்தால், பேட்டரியிலிருந்து தொடர்ந்து மின்சாரம் ஓடும்வரை அது திறக்கவே திறக்காது. முதல் படம் எரியும், இரண்டாவது எரியாது. கப்ளரின் எல்ஈடி பக்கத்துக்கு மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்காமல், பெரிய ரெசிஸ்டர் வழியே நிரம்பும் சிறு கெப்பாசிட்டரிலிருந்து கொடுத்தால், ஒரு துடிப்போடு நின்று தைரிஸ்டர் தானே விடுபடும்.

மூன்றாவது, ஒளி ஸ்லேவ். கம்பியும் இல்லை, ரேடியோவும் இல்லை. கேமராவின் சிறு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு இது எரியும். சிறு ஃபிளாஷ் டிடிஎல் முறையில் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே அளவை முடிவு செய்வது) இருந்தால், படத்துக்கு முன்பே ஒரு முன்னொளி விடும். ஸ்லேவ் அதற்கே எரிந்துவிட்டு, ஷட்டர் திறக்கும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். சிறு ஃபிளாஷை மேனுவலில் 1/16 அல்லது 1/32-க்கு இறக்கினால் முன்னொளி இல்லை, தொல்லை தீர்ந்தது. கல்யாண மண்டபத்தில் இந்த வழிக்கு ஒரு சாபக்கேடும் இருக்கிறது: உறவினர்கள் கையில் உள்ள ஒவ்வொரு கேமராவின் ஃபிளாஷுக்கும் உங்கள் ஸ்லேவ் எரிந்து தீர்ந்துவிடும்.

கேமராப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில. கேனன் 3000டி, 200டி மார்க் 2 போன்ற சில உடல்களின் ஹாட் ஷூவில் நடுத்தொடுபுள்ளியே கிடையாது. ஒற்றைப் புள்ளி ஃபிளாஷோ, எளிய ரேடியோ ட்ரிகரோ அதில் எரியாது, பழுது என்று நினைத்துக் கடைக்கு அலைய வேண்டாம். மிரர்லெஸ் என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், திரையில் எக்ஸ்போஷர் முன்காட்சியையும் அணையுங்கள். இல்லாவிட்டால் மேனுவலில் எஃப் 8, 1/160 வைத்தவுடன் திரை கும்மிருட்டாகிவிடும். பழைய ஃபிளாஷுக்கு ஹை ஸ்பீட் சிங்க், அதாவது அதிவேக ஷட்டரோடு ஒத்து எரிவது, தெரியாது. கையேட்டில் சிங்க் வேகம் 1/200 என்றிருந்தால் ரேடியோ தாமதத்துக்கும் இடம்விட்டு 1/160 அல்லது 1/125. படத்தின் விளிம்பில் கறுப்புப் பட்டை விழுந்தால் இன்னும் ஒரு படி இறக்க வேண்டும்.

வேறு கம்பெனியின் பழைய டிடிஎல் ஃபிளாஷ் என்றால் நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள கூடுதல் பின்கள் உங்கள் கேமராவின் தகவல் பின்கள் மேல் உட்காரும். நடுப்புள்ளியையும் பக்க உலோகத்தையும் விட்டுவிட்டு மற்றவற்றை இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். நிக்கோனின் எஸ்பி-28, எஸ்பி-26 போன்றவை நிக்கோன் டிஜிட்டல் உடல்களில் ஏ (ஆட்டோ: தன் சென்சாரால் ஒளியைத் தானே அளப்பது), எம் (மேனுவல்) முறைகளில் வேலை செய்யும். டிடிஎல்-லில் வைத்தால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். எஸ்பி-26-இல் ஒளி ஸ்லேவும் உள்ளேயே இருக்கிறது. பழைய ஃபிளாஷ் வாங்கியே தீருவேன் என்பவர் தேட வேண்டியது இதை.

வெளிச்சக் கணக்கு பழையபடிதான். ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண். ஐஎஸ்ஓ 100-ல் (மீட்டர் கணக்கில்) கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷ், 4.5 மீட்டரில் நிற்கும் மாப்பிள்ளை பெண்ணுக்கு எஃப் 8. ஐஎஸ்ஓ 400-ல் எண் இரட்டிப்பாகும். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ஆட்களைப் பார்க்கும் ஃபிளாஷுக்கு ஆட்டோ முறை இன்றும் அருமையாக வேலை செய்யும். மேடைக்குப் பின்னால் வைத்தால் அதன் சென்சார் பார்ப்பது பெண்ணின் முதுகையும் வாழைமரத்தையும். அங்கே மேனுவல் மட்டும்.

ஃபிளாஷின் உடம்பு

வருடக்கணக்கில் சும்மா கிடந்த பெரிய கெப்பாசிட்டரின் உள்ளே ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் எரியவைத்தால் சூடேறி வெடிக்கவும் கூடும். இந்த ஃபிளாஷ் முதலில் ரெடி ஆக நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதாக இளைஞர் பிற்பாடு சொன்னார். அது ஓர் அறிகுறி. ஆன் செய்து ரெடி விளக்கு வந்தபின் எரியவைக்காமல் ஐந்து நிமிடம் விட்டு, ஆஃப் செய்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. மூன்று நான்கு சுற்று இப்படி. பிறகு குறைந்த சக்தியில், அல்லது ஆட்டோவில் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒன்றாகச் சில எரிப்புகள். அதன்பின் முழுச்சக்தி. இரண்டு நிமிடமாகியும் ரெடி ஆகவில்லை, உடம்பு சுடுகிறது, அல்லது மீன் அழுகியது போன்ற வாடை வருகிறது என்றால் பேட்டரியைக் கழற்றி அதோடு விட்டுவிடுங்கள்.

திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். 1000 மைக்ரோஃபாரட், 330 வோல்ட் என்றால் 54 ஜூல். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே நிற்கும், நெஞ்சைத் தாக்கினால் ஆளைக் கொல்லவும் கூடும். திறந்தே ஆகவேண்டிய டெக்னீஷியன்கள் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கம்பிகளோடு வைத்துப் பத்துப் பன்னிரண்டு நொடி பிடித்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்வார்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்பவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள்.

வீட்டு மின்சாரத்தில் குத்தும் துளையுள்ள பழைய ஃபிளாஷ்களின் அந்தத் துளையைப் பயன்படுத்தவே கூடாது. அவற்றில் பலவற்றுக்குத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவர் மின்சாரம் நேராக உள்ளே போய் ஹாட் ஷூ உலோகம் வரை வந்து நிற்கும்.

பினாங்கின் ஈரக்காற்று தனிப் பகை. காலின் நடுப்புள்ளிக்கும் விளிம்புக்கும் நடுவே வியர்வையோ மழைநீரோ படிந்து அரை மெகா ஓம் கசிவு ஏற்பட்டாலே, 2.26 மெகா ஓம் உள்தடையுள்ள இந்த ஃபிளாஷின் 236 வோல்ட் 43-க்கு இறங்கிவிடும். எரியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் கூட்டத்தோடு ஏறிப் படமெடுப்பவர்களின் பழைய ஃபிளாஷ் திடீரென்று நின்று, துடைத்தால் ஓடுவது இதனால்தான். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு ஒரு துடைப்பு போதும். பேட்டரி அறையில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது ஆல்கலைன் கசிவு. வினிகர் தொட்ட பஞ்சால் கரைத்து, ஆல்கஹாலால் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின்தான் பேட்டரி போட வேண்டும். வைக்குமிடம் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் காட்டும் டிரை கேபினெட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பேட்டரி வெளியே. மாதம் ஒருமுறை எடுத்துச் சில தடவை எரியவைத்தால் கெப்பாசிட்டர் தேறிக்கொண்டிருக்கும். வேலையின்போது முழுச்சக்தியில் பத்துத் தடவை அடுத்தடுத்து எரிந்தால் பத்து நிமிடம் ஓய்வு. பழையவற்றில் வெப்பத்தைக் கண்டு தானே நிறுத்தும் சுற்று இல்லை.

கேமராவும் ஃபிளாஷும் இப்போது

சிங்க் ஸ்விட்ச் இருக்கும் பலகையை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் நிலையம் சொன்ன தொகை, அதே மாடலைப் பழையதாக வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தது. இளைஞர் மாற்றவில்லை. சிறு ஃபிளாஷுக்குத் தனிச் சுற்று என்பதால் அது கெடவில்லை. அதை மேனுவல் 1/32-ல் வைத்து, ஸ்டாண்டில் உள்ள புதிய ஃபிளாஷை ஸ்லேவாக எரியவைத்து, இந்தக் கேமராவை இரண்டாவது உடலாக வைத்திருக்கிறார். ஹாட் ஷூவில் எதையும் மாட்டாதபடி ஒரு பிளாஸ்டிக் மூடியைச் செருகி, அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்.

பழைய ஃபிளாஷ் 300 வோல்ட் தாங்கும் ரிசீவரின்மேல் ஏறி, கல்யாண மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறது. அதன் காலின் பக்கத்தில் 236 என்று எழுதி ஒட்டியிருக்கிறது, கேமராவில் மாட்டக்கூடாது என்ற வரியோடு. விற்றாலும் இரவல் கொடுத்தாலும் அந்தத் தாள் கூடவே போகும். லோரோங் கூலிட் கடைக்காரரிடமும் டிஜிட்டல் மீட்டரில் அளந்து காட்டினார்கள். "எங்கிட்ட இருக்கற மத்ததையும் ஒரு தடவ பாத்துக் குடுத்துடுங்க அண்ணே" என்று அவர் டெக்னீஷியனிடம் எடுத்து நீட்டியவற்றில் ஒன்றில் கழித்தல் குறி வந்தது.